நஞ்சு கூடியிருக்கு

டாக்டரின் போன் வந்தபோது பிரதீஷ் புகைப்புரைக்குள் இருந்தான்.

ரப்பர் ஷீட் உலர்த்தும் அறை அது. ஜன்னல் கிடையாது. கீழே விறகுக் கனல். மேலே கழிகளில், ஈரத்துணி காயப்போட்ட மாதிரி, வரிசையாகத் தொங்கும் ஷீட்டுகள். உள்ளே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தால் தலைமுடிவரை புகை ஏறிவிடும், எத்தனை சோப்பு போட்டாலும் இறங்காது. பிரதீஷுக்கு அதுவே சௌகரியமாகப் போயிற்று. அவன் விரலிடுக்கில் எரிந்துகொண்டிருந்த சிகரெட் வாடையை வீட்டில் யாராலும் பிரித்தெடுக்க முடியாது. கீமோ முடிகிறவரை தொடாமல்தான் இருந்தான். முடிந்த பிறகு, பயம் போகட்டும் என்று ஒன்று. அப்புறம் பயம் போகவில்லை என்று இன்னொன்று.

ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். இடது விதையில் கட்டி. செமினோமா என்று பெயர் சொன்னார்கள். ஊருக்கு வந்து ஆபரேஷன், பிறகு மருந்து. கட்டி போயிற்று, கூடவே காதில் பாதியும் போயிற்று. அந்த மருந்தின் குணம் அப்படி என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்கள். இப்போது காதுக்குள் எந்நேரமும் ஒரு சீவீடு கத்திக்கொண்டே இருக்கும். எதிராளி பேசுவதில் முக்கால்வாசி உள்ளே வரும், மிச்சத்தை அந்தப் பூச்சி தின்றுவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. போன கட்டி எங்கேயாவது மறுபடி தலைதூக்கினால், ரத்தத்தில் சில என்சைம்கள் ஏறிக் காட்டிக்கொடுக்கும். அதற்கான காவல் அது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறவரை, பிரதீஷுக்கு ஒரு கவளமும் ஒழுங்காக இறங்காது.

இந்தத் தடவை கூப்பிட்டது புதிய டாக்டர். மதுரைக்காரர்.

"பிரதீஷ், எல்டிஹெச் நார்மல். அதைப் பத்திக் கவலையில்ல. ஆனா நஞ்சு..." சீவீடு கத்தியது. "...கூடியிருக்கு."

அவன் போனைக் காதோடு அழுத்தினான். "என்ன கூடியிருக்கு டாக்டர்?"

"நஞ்சு... என்சைம். ரத்தத்துல கொஞ்சம் கூடியிருக்கு. பயப்படாதீங்க. ஒரு மாசம் போகட்டும், மறுபடி எடுத்துப் பாப்போம்." அப்புறம் கேட்டார்: "வீட்ல சாப்பாடெல்லாம் யார் பாத்துக்கறாங்க?"

"வைஃப்தான்."

"நல்லாப் பாத்துக்கறாங்களா?"

போன் அணைந்தது. சிகரெட் விரலைச் சுட்டபோதுதான் அது இன்னும் கையில் இருப்பதே நினைவுக்கு வந்தது.

நஞ்சு. தன் ரத்தத்தில் நஞ்சு. அதைச் சொன்ன கையோடு டாக்டர் ஏன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்? மனைவியைப் பற்றி ஏன் கேட்டார்?

திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கை போனுக்குப் போகத்தான் செய்தது. ஆனால் விஷம் என்று வந்துவிட்டால் டாக்டர்மார் போலீசுக்குச் சொல்லியே தீரவேண்டும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தான். போலீஸ் ஜீப் ரப்பர் தோட்டத்து வழியாக ஏறி வருவதும், அபிதா நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவதும் அவன் கண்முன் ஓடியது. போனைப் பாக்கெட்டில் போட்டான்.

வெளியே வந்தால் அபிதா கட்டன்சாயாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு போன்ல? ஆஸ்பத்திரியா?"

"அல்ல. ஷீட்டு வியாபாரி."

சாயாவை வாங்கிக்கொண்டான். அவள் திரும்பியதும் வாழை மூட்டில் ஊற்றினான். ஊற்றின பிறகு அந்த வாழையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

அம்மாவிடம் மட்டும் சொன்னான். ஓமனா கேட்டுவிட்டு அழவில்லை, பதறவும் இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. ஏதோ ரொம்ப நாளாக எதிர்பார்த்திருந்த ஆள் வந்து கதவைத் தட்டின மாதிரி தலையை ஆட்டினாள்.

"விஷம்னா ஆளு அப்பமே தீந்திரும் மக்கா. இது அதல்ல. கைவிஷமாக்கும்."

பிரதீஷ் கைவிஷத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன்தான். பலகாரத்துக்குள் எதையோ வைத்துக் கொடுப்பார்கள். தின்றவனுக்குத் தெரியாது. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். கொடுத்தவரை விட்டு அவனால் நகர முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக உருகிப்போவான். ஷார்ஜாவில் இருந்தபோது கூட்டாளிகளோடு சேர்ந்து இதையெல்லாம் கேலி செய்தவன் அவன். இப்போது கேலி வரவில்லை. ஆஸ்பத்திரி மெஷினே கண்டுபிடித்துவிட்டது அல்லவா?

போன லீவுக்கு வந்திருந்தபோது, இனி வெளிநாடு போகண்டாம் என்று அபிதா சொன்னதையும், கையால் நெய்யப்பம் சுட்டுக் கொடுத்ததையும் ஓமனா நினைவுபடுத்தினாள். அதற்குப் பிறகுதானே கட்டி வந்தது என்றாள். தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தின. பயந்தவனுக்கு எல்லாத் தேதிகளும் பொருந்தும்.

அன்று முதல் வீட்டில் ஒரு நாடகம். அபிதா பரிமாறினால் பசியில்லை என்பான். அவள் குளிக்கப் போன நேரம் அடுக்களையில் அம்மா கையால் வாங்கித் தின்பான். அபிதா முதலில் மீன்கறி பிடிக்கவில்லையோ என்று நினைத்தாள். பிறகு நோய் திரும்பிவிட்டதோ, அதை மறைக்கிறானோ என்று நினைத்தாள். ராத்திரி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்க்க வந்தவளை அவன் திடுக்கிட்டுத் தள்ளினான். அவள் கையை இழுத்துக்கொண்டு, இருட்டில் அந்தக் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சிதறால் மலைக்கு அந்தப் பக்கம் கைவிஷம் எடுக்கிற ஒருவர் இருப்பதாகச் சொல்லி, ஓமனா அவனை ஒரு காலையில் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். பச்சையாக எதையோ அரைத்து, சிரட்டையில் கொடுத்தார்கள். குடித்த சற்று நேரத்தில் குடல் வாய்வழியாக வந்துவிடும்போல் இருந்தது. பிலா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓங்கரித்தான். வந்ததை அந்த மனிதர் ஒரு குச்சியால் கிளறி, நெல்லிக்காய் அளவில் வெள்ளையாக எதையோ தூக்கிக் காட்டினார். ஓமனா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பிரதீஷ் உற்றுப் பார்த்தான். காலையில் அம்மா தந்த புட்டு மாதிரியும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது ஓமனாவால் அடக்க முடியவில்லை. முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மருமகள் முன்னால் போய் நின்றாள்.

"ஏட்டி, என் பிள்ளைக்கு என்னத்தக் கலக்கிக் குடுத்த? ஆஸ்பத்திரியிலயும் சொல்லியாச்சு, இன்னைக்கு வெளியவும் வந்தாச்சு. இனி ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல."

அபிதாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. ஓமனா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் புரிந்தது. வாழை மூட்டில் கிடந்த சாயா மண்டி. சாப்பிடாத தட்டுகள். தள்ளிவிட்ட கை. கையிலிருந்த ஈரச் சட்டையை மடித்துக் கொடியில் போட்டாள். அவனுடைய சட்டை. பிறகு அவனைப் பார்த்தாள்.

"மாமி சொல்லுகத விடுங்க. நீங்களும் அப்பிடித்தான் நெனைக்கியளா?"

அவன் காதுக்குள் சீவீடு கத்தியது. கேட்காத மாதிரி நின்றான். உண்மையில் அந்தக் கேள்வி, ஒரு எழுத்து உதிராமல், முழுசாகக் கேட்டிருந்தது.

அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மத்தியான பஸ்ஸில் அருமனைக்கு, தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

விஷம் வெளியே வந்தாயிற்று. கொடுத்தவளும் போயாயிற்று. இனி ரத்தம் தெளியும் என்று பிரதீஷ் காத்திருந்தான்.

தோட்டத்தில் ரப்பர் காய் வெடிக்கிற காலம். ஆளில்லாத மத்தியானத்தில் எங்கேயோ தலைக்கு மேல் பட்டென்று ஓடு வெடிக்கும், விதை சருகில் விழுந்து உருளும். பக்கத்தில் நின்று பேசுகிறவர் குரல் கேட்காத காதுக்கு அது மட்டும் துல்லியமாகக் கேட்டது. ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப்போடும். யாரோ பின்னால் நடந்து வருகிற மாதிரி இருக்கும். திரும்பினால் மரங்கள் வரிசையாக, கழுத்தில் பால் வடிகிற சிரட்டை கட்டிக்கொண்டு, அவனையே பார்த்து நிற்கும். அவன் புகைப்புரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்று பற்றவைப்பான். அது தீரும்முன் அடுத்தது. முன்பு பாக்கெட்டை ஒளித்து வைக்கச் சிரமப்பட்டவன், இப்போது காலிப் பாக்கெட்டுகளைக் கனலில் போட்டுத் தள்ளினான்.

மாதம் முடிந்து ரத்தம் கொடுத்தான். மறுநாள் போன் வந்தது.

"பிரதீஷ், இன்னும் கூடியிருக்கு. போன தடவையைவிட நல்லாவே கூடியிருக்கு. ஸ்கேன் ஒண்ணு எடுத்துட்டு நேர்ல வந்துடுங்க."

அவன் போனைக் கீழே வைத்தபோது ஓமனா பயறுக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆவி பறந்தது. ஒரு மாதமாக அவன் வயிற்றுக்குள் போனதெல்லாம் இந்தக் கையிலிருந்து வந்ததுதான். வேறு யார் கையிலிருந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அப்படியென்றால்?

ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போகவேண்டாம் என்று அபிதா ஒருமுறைதான் சொன்னாள். ஏர்போர்ட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதது யார்?

"குடி மக்கா, ஆறிப்போவும்."

"வேண்டாம்மா."

"ஏன்?"

அவன் கிண்ணத்தையே பார்த்தான். ஓமனா மகன் முகத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். அன்று முற்றத்தில் மருமகள் முகத்தில் எது நடந்ததோ, அதே இப்போது இவள் முகத்திலும் நடந்தது.

"என் கையிலயுமா மக்கா?"

அன்று போலவே இன்றும் நின்றான். கேட்காத செவி எவ்வளவு உதவி!

அதன் பிறகு தோலுரித்துத் தின்கிற பொருளை மட்டும் தின்றான். வாழைப்பழம். அவனே அவித்த முட்டை. அவனே வெட்டின இளநீர். இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. கன்னத்து எலும்பு தூக்கிக்கொண்டது. ஜங்ஷனில் சாயாக்கடை செல்வன், ஆளே பாதி ஆயிட்டியே, திரும்பவும் வந்திருச்சா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அதைத்தான் பிரதீஷும் கண்ணாடியிடம் தினம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. டாக்டர் அறைக்குள் தனியாகத்தான் போனான். உட்காரும்முன்பே டாக்டர் சொல்லிவிட்டார், ஸ்கேனில் ஒன்றுமில்லை, நுரையீரல், வயிறு, நிணநீர் முடிச்சுகள் எல்லாம் சுத்தம் என்று. அதுதான் தனக்கும் புரியவில்லை என்றார்.

பிரதீஷ் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டர், கேஸாக்கண்டாம். யாரையும் பிடிச்சுக் குடுக்கண்டாம். ஒரே ஒரு காரியம் சொல்லுங்க. என்ன நஞ்சு அது? எதில கலந்து குடுப்பாவ?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "எந்த நஞ்சு?"

"நீங்கதானே போன்ல சொன்னீங்க. நஞ்சு கூடியிருக்குன்னு. ரெண்டு தடவை."

டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவன் வலது காதுப் பக்கம் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"நஞ்சுக்கொடி. நஞ்சுக்கொடி என்சைம் கூடியிருக்கு. அதுதான் நான் சொன்னது."

"அது என்ன கொடி?"

"தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவுல கர்ப்பத்துல இருக்குமே. பிரசவத்துல பிள்ளை வந்ததும் பின்னாடியே வருமே. அதுல ஒரு என்சைம் ஊறும். உங்களுக்கு வந்த மாதிரிக் கட்டியும் சிலருக்கு அதையே ஊறவைக்கும், ஆம்பளை உடம்பா இருந்தாலும். அதனாலதான் அதை வச்சுக் கண்காணிக்கறோம்."

பிரதீஷின் ஊரில் அதற்கு நஞ்சு என்றே பேர் கிடையாது. "மறுபிள்ளையா?" என்றான்.

இப்போது டாக்டருக்குப் புரியவில்லை. "மறுபிள்ளைன்னா?"

ஒருவர் சொல்லை ஒருவர் அறியாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டைப் பற்றி ஏன் கேட்டீர்கள் என்று பிரதீஷ் கேட்டான். கீமோ முடிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்பதுதான் என்றார் டாக்டர். அதைச் சொல்லிக்கொண்டே முகத்தைச் சற்று முன்னால் நீட்டி மூச்சை இழுத்தார்.

"உங்க மேல ஏன் இவ்வளவு புகை வாடை?"

"ரப்பர் ஷீட்டு புகை போடுகதாக்கும்."

"சரி. அதுக்கு அடியில இன்னொண்ணு இருக்கே."

பிரதீஷ் தலையைக் குனிந்தான். கீமோவின்போது விட்டதாகச் சொன்னது பொய்யில்லை, அப்புறம் மறுபடி தொடங்கியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். சொன்னான். போன மாதம் எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னான்.

டாக்டருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், காட்டிக்கொள்ளவில்லை. சிகரெட் பிடிக்கிறவர்களின் நுரையீரலிலிருந்தும் இதே ஜாதி என்சைம் ரத்தத்தில் இறங்கும், சிலருக்குப் பல மடங்கு ஏறிக் காட்டும் என்று விளக்கினார். அதனால்தான் என்று இப்போதே சத்தியம் செய்ய முடியாது. ஒன்றுகூடத் தொடாமல் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வாருங்கள். இறங்கினால் சிகரெட். இறங்காவிட்டால் வேறு பேச்சு.

அங்கிருந்து நேராக அருமனைக்குத்தான் போனான். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வார்த்தை அவனை விடவில்லை. மறுபிள்ளை. அவன் ஷார்ஜாவில் இருந்தபோது அபிதாவுக்கு ஆறாம் மாதத்தில் பிள்ளை செத்துப் பிறந்தது. அவன் வீடியோ காலில்தான் அவளைப் பார்த்தான். லீவு கிடைக்கவில்லை.

அவள் புறவாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் அவன் கன்னத்தைப் பார்த்துத் திகைத்தாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். போனில் உதிர்ந்த எழுத்துகள், அம்மாவின் கஞ்சியைத் தள்ளியது, புகைப்புரைக்குள் எரிந்த சிகரெட்டுகள் எல்லாம். மீனைக் கழுவுவதை அவள் நிறுத்தவில்லை. கடைசியில் மறுபிள்ளை என்று சொன்னபோதுதான் கை நின்றது.

"எனக்கு அன்னைக்கு மறுபிள்ளை வரல்ல, தெரியுமா?" என்றாள். "பிள்ளை வந்துட்டு. அது மட்டும் உள்ளயே நின்னுட்டு. பொறவு உள்ள கைய விட்டுத்தான் எடுத்தாவ. முழுசும் வந்தாச்சான்னு நான் நர்சுக்கிட்ட கேட்டுக்கிட்டே கெடந்தேன்."

அவள் அடுத்த மீனை எடுத்தாள்.

"அதா இப்பம் உங்க ரத்தத்தில கெடக்கு?"

"அதுக்கும் இதுக்கும் ஒரு பந்தமும் இல்ல அபிதா. டாக்டர்கிட்ட கேட்டேன்."

"அது எனக்கும் தெரியும்." தண்ணீரை ஊற்றினாள். "வெறுதே கேட்டேன்."

ஆனால் அன்றிலிருந்து அவன் காதுக்குள் கத்துவது சீவீடு மாதிரி இல்லை. மெலிந்த ஒரு அழுகையாக, மூடிய கதவுக்கு அந்தப் புறத்திலிருந்து வருவதாக மாறிவிட்டது. அதை அவன் டாக்டரிடமும் சொல்லவில்லை.

அபிதா அன்று சாயங்காலமே ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. ரிசல்ட் வருகிறவரை தனியாகக் கிடந்து பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். ஓமனா வாசலில் மருமகளைக் கண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அபிதா பையை உள்ளே வைத்துவிட்டு, அரிசி களைந்தாச்சா மாமி என்று கேட்டாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவேயில்லை.

அன்று அவள்தான் பரிமாறினாள். தட்டில் சோற்றைப் போட்டு, மீன்கறியை ஊற்றி, எதிரில் உட்கார்ந்தாள். அவன் கையை நீட்டுமுன், அவன் தட்டிலிருந்தே ஒரு கவளத்தைப் பிசைந்து எடுத்து வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி சற்று நேரம் இருந்தாள். பிறகுதான் தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

அவனுக்கு உயிர் போனது. வேண்டாம் என்றான், காலைப் பிடிக்கட்டுமா என்றான். அவள் கறிச்சட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை புட்டுக்கும் அதே. சாயாவுக்கும் அதே, ஒரு மடக்கு குடித்துவிட்டுத்தான் டம்ளரை நீட்டினாள். ஓமனா அடுக்களை வாசலில் நின்று பார்ப்பாள். சில நாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சிகரெட்டை பிரதீஷ் தொடவில்லை. கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை, தொடவில்லை. புகைப்புரைக்கு ஷீட் ஏற்றப் போனாலும் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத்தான் நின்றான்.

ஒன்றரை மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். அபிதா போனை ஸ்பீக்கரில் போட்டாள். மூன்று பேரும் நின்று கேட்டார்கள். நன்றாக இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஏறக்குறைய நார்மல். சிகரெட்தான், வேறு ஒன்றுமில்லை. இனி வழக்கம்போல மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, அந்த வார்த்தை என்ன, மறுபிள்ளைதானே என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஓமனா தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பிரதீஷ் சுவரில் சாய்ந்து நின்றான். உயிர் திரும்பி வந்து உடம்புக்குள் இடம்பிடித்து உட்காருகிற மாதிரி இருந்தது.

மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. பருப்பு, பப்படம், அவியல், பாயசம்கூட. ஓமனாதான் இலையில் வைத்தாள். பிரதீஷ் இலை முன்னால் உட்கார்ந்தான். அபிதா எதிரில் வந்து உட்கார்ந்து, அவன் இலைக்குக் கையை நீட்டினாள்.

"இனி எதுக்கு அபிதா? ரிசல்ட்டுதான் வந்தாச்சே."

"அது உங்க ரிசல்ட்டு." அவள் சோற்றையும் பருப்பையும் பிசைந்துகொண்டிருந்தாள். "உங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்க டெஸ்ட். எனக்கு நாளொண்ணுக்கு மூணு நேரம்."

கவளத்தை வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள். பாயசத்தில் விரலைத் தோய்த்து நக்கினாள். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

பிரதீஷும் ஓமனாவும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பப்படம் நமத்துக்கொண்டிருந்தது.